பிறந்த இடம்: சாணார்பட்டி

வேடசந்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூற்பாலையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். சங்கு ஊதி ஐந்து நிமிஷத்தில் கேட்டைச் சாத்தச் சொல்வது என் வேலை. மில் பஸ்ஸில் வந்தவர்கள், சைக்கிளில் வந்தவர்கள், கடைசி நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தவர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று அட்டையைப் பதிய வேண்டும். முன்னால் வந்தவர் முன்னால் உள்ளே போவார். நீ எந்த ஊரில் பிறந்தாய் என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருப்பார்கள். வரிசை என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்ற திமிர் எனக்கு இருந்தது. அமெரிக்க விஷயத்தில்தான் அந்தத் திமிர் அடங்கியது.

எனக்கு ஒரே அக்கா. நர்ஸ் படிப்பு படித்து எழுபதுகளின் கடைசியில் அமெரிக்கா போனாள். எண்பதுகளின் கடைசியில் அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும் முதல் வேலையாக எனக்கு ஒரு மனுப் போட்டாள். குடியுரிமை உள்ளவர் தன் உடன்பிறந்தவரை அழைத்துக்கொள்ளலாம். அவரோடு மனைவியும், இருபத்தொரு வயது நிரம்பாத, கல்யாணமாகாத பிள்ளைகளும் போகலாம். சட்டம் அவ்வளவுதான். மூன்றே வாரத்தில் மனு ஏற்கப்பட்டது என்று தாள் வந்தது. அப்போது என் மகளுக்கு ஏழு வயது. நான் திண்டுக்கல்லில் போய் இரண்டு பெரிய சூட்கேஸ் வாங்கினேன். அந்த வருஷம் வீட்டுக்கு வெள்ளையடிக்கவில்லை. எப்படியும் போகப்போகிறோம், யாருக்காக அடிப்பது என்று என் கெட்டிக்காரத்தனம்.

மனு ஏற்கப்பட்டது என்றால் வா என்று அர்த்தமில்லை, வரிசையில் நில் என்றுதான் அர்த்தம் என்பது பிறகுதான் தெரிந்தது. மனுப் போட்ட நாள்தான் நம் டோக்கன். மாதாமாதம் அவர்கள் ஒரு பட்டியல் வெளியிடுவார்கள்: இன்ன தேதி வரைக்கும் மனுப் போட்டவர்கள் இந்த மாதம் வரலாம். அக்கா அதைக் கேட்டு வைத்துக்கொண்டு, முதல் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த நேரத்துக்கு எங்கள் தெரு எஸ்டிடி பூத்துக்குப் போன் செய்வாள்.

"தம்பி, இந்த மாசம் மூணு வாரம் நகர்ந்திருக்குப்பா."

"ஒரு மாசத்துல மூணு வாரமா? அப்ப எப்பக்கா நம்ம தேதி வரும்?"

"அதான்டா எனக்கும் வெளங்கல."

ஒரு மாதத்தில் மூன்று வாரம் நகரும் வரிசையில் நிற்பவனுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் கடன் ஏறுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டியல் ஒரு வருஷம் நகர்வதற்குள் நமக்கு ஏறக்குறைய ஒன்றரை வருஷம் வயதாகியிருக்கும். கணக்கில் எங்கோ தப்பு என்று திரும்பத் திரும்பப் போட்டேன். தப்பு இல்லை.

சில வருஷம் கழித்துப் பேகம்பூரில் ஒரு பாய் பிரவுசிங் சென்டர் திறந்தார். பிறகு பட்டியலை அங்கே நானே பார்க்க ஆரம்பித்தேன். முதல் தடவை அதைத் திரையில் முழுசாகப் பார்த்தபோதுதான் ஒரு சமாச்சாரம் கண்ணில் பட்டது. உலகத்துக்கெல்லாம் ஒரு தேதி போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், சில நாடுகளுக்கு மட்டும் தனித்தனிக் கட்டம். இந்தியா அதில் ஒன்று. மற்றவர்கள் எல்லாம் எங்களைவிட ஒன்றரை வருஷத்துக்கு மேலே முன்னால் நின்றார்கள். ஒரே நாளில் மனுப் போட்டவன் இன்னொரு நாட்டில் பிறந்திருந்தால் உள்ளே, நான் வெளியே. எந்த நாட்டில் பிறந்தாலும் அக்கா அங்கே தம்பி இங்கே என்பதில் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவேயில்லை.

ஒரு மாதம் அந்தத் தேதி பின்னாலேயே போய்விட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"என்ன சார், இந்த மாசமாச்சும் நகர்ந்துச்சா?" என்றார் பாய்.

"பின்னால போயிருச்சு பாய்."

"தேதி எப்படி சார் பின்னால போகும்? பிரிண்டு எடுத்துப் பாருங்க, ஸ்கிரீன்ல சில நேரம் தப்பாத் தெரியும்."

பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். காகிதத்திலும் பின்னால்தான் போயிருந்தது. பாய்க்கு என்ன தோன்றியதோ, காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

எரிச்சல் தாங்காமல் அக்காவிடம் இதற்கெல்லாம் என்ன நியாயம் என்று கேட்டு எழுதினேன். அவள் தன் வக்கீலிடமிருந்து ஒரு கட்டு ஜெராக்ஸ் வாங்கி அனுப்பினாள். அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டங்களின் வரலாறு. மில்லில் இரண்டாம் ஷிப்ட் உள்ளே போனபிறகு அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். சேலைக்கடைக்குப் போன மாதிரிதான் இருந்தது, ஒன்றைப் பிரித்தால் அடியில் இன்னொன்று. முதலில் சீனர்களை மட்டும் வரக்கூடாது என்றார்கள். பிறகு பூமிப்படத்தில் கோடு கிழித்து, இந்தக் கோட்டுக்குள் பிறந்தவன் எவனும் வரக்கூடாது என்றார்கள். நம் நாடு முழுசாக அந்தக் கோட்டுக்குள். பிறகு மனமிரங்கி, இந்தியா முழுவதற்கும் ஆண்டுக்கு நூறு பேர் வரலாம் என்றார்கள். எங்கள் மில்லில் ஒரு ஷிப்ட்டுக்கு அதைவிட அதிகம் பேர் வருவார்கள். கடைசியில், இதெல்லாம் அநியாயம் என்று அவர்களுக்கே தோன்றி, இனி நிறம் கிடையாது, இனம் கிடையாது, எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு என்று சட்டம் போட்டார்கள்.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். எல்லா நாட்டுக்கும் ஒரே அளவு என்பது நியாயமாகத்தானே இருக்கிறது? இந்தியாவுக்கும் அதே அளவு, ஒரு தாலுகா அளவு இருக்கிற தீவுக்கும் அதே அளவு. நியாயம்தான் எங்களைப் பின்னால் தள்ளியிருக்கிறது. அநியாயம் என்றால் கோபப்படலாம். இதற்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

வீட்டில் போய் மனைவியிடம் விளக்கினேன். அவள் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நம்ம எந்த நாட்டுல இருக்கோம்ங்கிறது கணக்கில்ல. எந்த நாட்டுல பிறந்தோமோ அதான் கணக்கு" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து நறுக்கினாள். அன்றைக்கு அவள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று நான் யோசிக்கவில்லை. எனக்குப் பட்டியல் ஒன்றே உலகமாக இருந்தது.

அவளுடைய கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். அவளுடைய பாட்டன் சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து சிலோனுக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். அவளுடைய அப்பா, அம்மா பிறந்ததும் அங்கே; அவள் பிறந்ததும் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயம் என்கிற கூலிகளின் வரிசை வீட்டில். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்ததும் தோட்டத்துக்காரர்கள் எங்கள் குடிமக்கள் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தியாவும் இவர்கள் எங்களவர்கள் என்று உடனே சொல்லவில்லை. வருஷக்கணக்கில் எந்த நாடும் இல்லாமல் கொழுந்து பறித்தார்கள். பிறகு இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து, இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்கு என்று பங்கு போட்டார்கள். என் மாமனார் இந்தியப் பங்கில் வந்தார். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, பாட்டனின் கிராமத்துக்கு வந்து சேர்ந்தபோது என் மனைவிக்கு எட்டு வயது. சிலோன்காரி என்று பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்களாம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாளாம்.

பள்ளியில் சேர்த்தபோது தலைமையாசிரியர் ஊர் எது என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் தான் பிறந்த இடத்தைச் சொல்ல மாட்டார்கள். அப்பன் பாட்டனைப் புதைத்த இடம் எதுவோ, திருவிழாவுக்கு எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறோமோ, அதைத்தான் சொல்வார்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பதால் எங்களில் பாதிப்பேர் பிறந்தது அம்மாவின் ஊரில். நானே பிறந்தது நத்தத்தில். என்னுடைய ஒரு தாளிலும் நத்தம் கிடையாது. மாமனாரும் எல்லோரையும் போலச் சாணார்பட்டி என்றார். தலைமையாசிரியர் அதையே பிறந்த இடம் என்ற கட்டத்தில் எழுதினார். யாரும் பொய் சொல்லவில்லை. பள்ளிச் சான்றிதழிலிருந்து அது ரேஷன் கார்டுக்குப் போனது, அங்கிருந்து பாஸ்போர்ட்டுக்குப் போனது, பாஸ்போர்ட்டிலிருந்து அக்காவின் ஃபைலுக்குப் போனது.

பெண் பார்க்கப் போனபோதே சிலோன் விஷயத்தை எங்களிடம் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே சாதி, ஒரே பங்குக் கோயில், பெண்ணும் லட்சணமாக இருந்தாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. தொண்ணூற்றொன்றில் அந்தக் கொலை நடந்தபிறகு போலீஸ்காரர்கள் கிராமம் கிராமமாக, சிலோனிலிருந்து வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து எழுதிக்கொண்டு போனார்கள். மாமனார் பழைய காலத்து மனிதர். வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிவிட்டது, இனி உங்களை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. கண்டியில் இந்தியத் தூதரகத்தில் கொடுத்த பழைய இந்தியப் பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, "எல்லாத்தையும் முடிச்சு விட்டேன் மாப்ளே" என்று நிம்மதியாகச் சொன்னார். நானும் சரி மாமா என்றேன். அந்தத் தாள்தான் அவர் இந்தியர் என்பதற்கு அத்தாட்சி, அந்தத் தாள்தான் அவர் சிலோன்காரர் என்பதற்கும் அத்தாட்சி என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. சில வருஷத்தில் அவரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தார்கள்.

தொண்ணூறுகள் முடிகிற சமயம். மகள் கல்லூரியில் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு வந்த இரண்டு மூன்று சம்பந்தத்தை விசா வரட்டும் என்று திருப்பி அனுப்பியிருந்தேன். கல்யாணம் செய்தால் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவாள். செய்யாவிட்டாலும் இருபத்தொன்று ஆனால் விழுந்துவிடுவாள். நான் அவள் வயதையும் இந்தியாவின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்படிப் போட்டாலும் அவள் வயது கொஞ்சம் முந்தியது.

அப்போதுதான் அக்காவின் வக்கீல் ஒரு கேள்வி கேட்டாராம். அக்கா போனில் சொன்னாள்.

"தம்பி, கேளு. கணவன் இந்தியாவுல பிறந்து மனைவி வேற நாட்டுல பிறந்திருந்தா, மனைவியோட நாட்டு வரிசையில ரெண்டு பேருமே வரலாமாம். சட்டத்துலயே இருக்காம். நம்ம ஆளுங்கள்ல அப்படி யாரு இருக்காங்கன்னு சிரிச்சேன். அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. ஒம் பொண்டாட்டி சிலோன்லதானடா பிறந்தா?"

சிலோன் அந்தத் தனிக் கட்டங்களில் இல்லை. உலக வரிசையில் இருந்தது. அந்த வரிசையில் எங்கள் தேதி வர நாலைந்து மாதம்தான் இருந்தது. மகளுக்குப் பத்தொன்பது முடியவில்லை. மூன்று பேரும் தாராளமாகப் போகலாம். பூத்துக்காரர் என்னைப் பார்த்து, "என்ன சார், லாட்டரியா?" என்றார். அப்படித்தான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

வீட்டுக்கு ஓடினேன். மனைவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"அதுக்கு என்ன பண்ணணும்?" என்றாள்.

"பாஸ்போர்ட்டுல பிறந்த இடத்தை மாத்தணும். சிலோன்ல இருந்து பிறப்புச் சர்ட்டிபிகேட் வாங்கணும். அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திருச்சிக்குப் பஸ் ஏறினேன். பாஸ்போர்ட் ஆபீஸில் கவுண்டரில் இருந்தவர் தன்மையானவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "சிலோன்ல பிறந்தவங்கன்னா அவங்க இந்தியக் குடிமகள்ங்கிறதுக்கு அத்தாட்சி வேணுமே சார். கண்டி பாஸ்போர்ட்டு, குடும்ப அட்டை எதுவும் வச்சிருக்கீங்களா?" என்றார்.

"எரிஞ்சுபோச்சு."

"அப்ப இந்தப் பாஸ்போர்ட்டை எப்படி வாங்குனீங்க?"

"சாணார்பட்டியில பிறந்ததா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நான் ஒங்க நல்லதுக்குச் சொல்றேன். எழுதிக் கொடுத்தீங்கன்னா விசாரணைக்குப் போகும். பழைய ரிக்கார்டு எங்கயாவது கிடைச்சாச் சரி. கிடைக்கலன்னா அவங்க எந்த நாட்டுக்காரங்கங்கிற கேள்வி வந்துரும். யோசிச்சுட்டு வாங்க."

திரும்பி வருகிற வழியெல்லாம் மண்டை காய்ந்தது. அவள் சிலோனில் பிறந்தாள் என்று உண்மையைச் சொன்னால் அமெரிக்கா சீக்கிரம் திறக்கும், ஆனால் இந்தியா கைவிட்டுப் போகலாம். சாணார்பட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தால் இந்தியா இருக்கும், மகளுக்கு அமெரிக்கா போய்விடும். மூன்று நாட்டுச் சட்டமும் தனித்தனியாகப் படித்தால் சரியாகத்தான் இருந்தது. என் மனைவியின்மேல் மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான் தலைகால் புரியவில்லை.

மனைவி ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "மாட்டேன்."

"பிள்ளைக்காகடி."

"எட்டு வயசுல ஒரு தடவ நீ எங்க ஆளு இல்லன்னு சொல்லி அனுப்புனாங்க. அந்தக் கேள்விக்கு இன்னொருக்கா நான் போய் நிக்க மாட்டேன். பிள்ளைக்காகன்னாலும் மாட்டேன்."

நான் கத்தினேன். வக்கீல் இருக்கிறார், பழைய ரிக்கார்டு எங்கேயாவது இருக்கும், உன்னைக் கொண்டுபோய்க் கடலில் தள்ளவா போகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். இரண்டு மாதம் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வந்தது. உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு நல்லது என்று தெரிந்தும் சொல்லாத தாய் எப்படிப்பட்டவள் என்று நான் மனசுக்குள் திட்டிய திட்டை இப்போது எழுதக் கூசுகிறது.

உலக வரிசையில் எங்கள் தேதி வந்தது, போனது. பாய் கடையில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அது எங்கள் தேதி இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மகளுக்கு இருபத்தொன்று ஆனது. கேக் வெட்டினோம். அதற்கப்புறம் சில மாதத்தில், இப்படி வயது தாண்டிப்போகும் பிள்ளைகளுக்காக அமெரிக்காவில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று அக்கா ஆனந்தமாகப் போன் செய்தாள். மனு பரிசீலனையில் கிடந்த நாட்களைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எங்கள் மனுவை எவ்வளவு நாள் பரிசீலித்தார்கள்? மூன்று வாரம். வருஷக்கணக்கில் கிடப்பில் போட்டிருந்தால் என் மகள் தப்பித்திருப்பாள். சீக்கிரம் கையெழுத்துப் போட்ட அந்த முகம் தெரியாத அதிகாரியை அன்றைக்கு எவ்வளவு வாழ்த்தினேன்! மூன்று வாரத்தைக் கழித்தும் போதவில்லை.

அதற்கும் பிறகு, மனுப் போட்டுப் பதினாலு வருஷம் கழித்து, இந்தியாவின் தேதி எங்களைத் தொட்டது. என் பேர், மனைவி பேர் போட்டு நேர்காணலுக்குக் கடிதம் வந்தது. மகள் பேர் இல்லை.

போக வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெளிவில்லை. அத்தான் இறந்து, அக்கா அந்த ஊரில் தனியாக இருந்தாள்; பதினாலு வருஷமாக எனக்காக ஒரு அறையைக் காலியாக வைத்திருந்தாள். அது ஒரு காரணம். இத்தனை காலம் நின்றுவிட்டு, முறை வரும்போது வரிசையை விட்டு விலகுவதற்கு என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை, அதுவும் ஒரு காரணம். நாங்கள் போனபிறகு மகளுக்கு மனுப் போடலாம். அதற்கும் எட்டொன்பது வருஷம் ஆகும், அதுவரை அவள் கல்யாணம் செய்யக்கூடாது. இதையெல்லாம் ஒரு திட்டம் மாதிரி அவளிடம் சொன்னேன்.

"நீங்க போங்கப்பா. அத்தை பாவம், தனியா இருக்காங்க. நான் மதுரையில ஹாஸ்டல் பாத்து வச்சிட்டேன்" என்றாள் மகள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. இவ்வளவு பக்குவமா என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சென்னையில் தூதரகத்துக்குள் காலை எட்டு மணிக்குப் போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் அதிகாரி, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு பெண். வலது கையைத் தூக்கி, சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். தூக்கினோம். என்னிடம் நாலைந்து கேள்வி. மில், அக்கா, கல்யாணம். அதிகாரி சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு மனைவியின் பாஸ்போர்ட்டை எடுத்தார்.

"நீங்க எங்க பிறந்தீங்கன்னு கேக்குறார்" என்றாள் அந்தப் பெண்.

நான் முந்தின நாளே சொல்லிக் கொடுத்திருந்தேன். சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லாத பதில். முப்பது வருஷத்துக்கு மேலாக அவள் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

"சிலோன்ல" என்றாள் என் மனைவி. "நுவரெலியாப் பக்கம். தேயிலைத் தோட்டத்து லயத்துல."

அந்தப் பெண் அதை இங்கிலீஷில் சொன்னாள். அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் மனைவியைப் பார்த்தார், மறுபடி கேட்கச் சொன்னார். அவள் மறுபடியும் அதையே சொன்னாள். நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு தாள் வந்தது. பாஸ்போர்ட்டைத் திருத்தி, பிறப்புச் சான்றும் குடியுரிமைச் சான்றும் கொண்டுவந்தால் மேற்கொண்டு பார்ப்போம் என்று அதில் இருந்தது. எங்களிடம் இல்லாதவை எவையோ அவை மட்டும் வரிசையாக இருந்தன.

மத்தியானம் வைகை எக்ஸ்பிரஸில் ஊருக்குத் திரும்பினோம். வாயைத் திறந்தால் பெட்டி முழுக்கக் கேட்கும் என்று எனக்கே பயம். விழுப்புரம் தாண்டிய பிறகு கேட்டேன்.

"இதை ரெண்டு மூணு வருசத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா பிள்ளையும் வந்திருப்பாள்ல? அப்பச் சொல்ல மாட்டேன்னவ இப்ப எதுக்குச் சொன்ன?"

"அப்பப் பயமா இருந்துச்சு. என்னைய மட்டும் தனியாப் பிரிச்சு அனுப்பிருவாங்களோன்னு."

"இப்ப?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ஒரு அக்கா இருந்துச்சு."

கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம். மாமனாரை அடக்கம் செய்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். இப்படி ஒருத்தி இருந்ததாக யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"நாங்க கிளம்புறப்ப அதுக்குப் பதினெட்டு தாண்டியிருச்சு. அப்பா பாஸ்போர்ட்டுல சேக்க முடியாது, தனி மனுப் போடணும்னாங்க. போட்டுச்சு. அந்தத் தாளு வரல. எங்களுக்குக் கப்பல் தேதி வந்துருச்சு, போகலைன்னா அதுவும் போயிரும்னாங்க. நீங்க போங்கம்மா, பின்னாடியே வந்துருவேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுச்சு. அழவே இல்ல. எம்புட்டு வெவரமான பிள்ளைன்னு எங்கப்பா எல்லார்ட்டயும் சொன்னாரு. ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் தோட்டத்துல கலவரம்னாங்க. அப்புறம் ஒண்ணும் வரல. எங்கம்மா சாகுற வரைக்கும் அது பேரைச் சொல்லல."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாசா மாசம் நீங்க மதினிகிட்டப் பேசிட்டு வந்து, அந்தச் சட்டம் இந்தச் சட்டம்னு சொல்லுவீங்க. அக்கா தம்பியக் கூப்பிட்டுக்கிறதுக்கு அந்த நாட்டுல ஒரு சட்டம் இருக்கு. எங்கக்காவ நான் கூப்பிடுறதுக்கு எந்த நாட்டுலயாவது இருக்கானு ஒங்ககிட்டக் கேக்கணும்னு இருப்பேன். நீங்க அந்தத் தேதிய எழுதிக்கிட்டு இருப்பீங்க."

பதினாலு வருஷம் சட்டம் படித்தவன். எனக்கு ஒரு வரி தெரியவில்லை. திருச்சி வந்தது, போனது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளை சாப்பிட்டிருப்பாளோ என்னவோ என்று வழக்கமான பேச்சுக்கு வந்துவிட்டாள்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், பரிசு வாங்கியவர்களை வரவேற்பது மாதிரி சிரித்தாள்.

"கிடைச்சிருச்சாப்பா?"

"இல்லம்மா. இனிமே கிடைக்காது."

அவள் சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை. பையைக் கீழே போட்டுவிட்டு, இருபத்திரண்டு வயதுப் பெண், பிளாட்பாரத்தில் அத்தனை பேர் பார்க்க, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். எத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்தாளோ, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரிந்திருந்தது.